நேரில் பார்த்தவர் பெயர்

ஒரு கடையில் தோசை நன்றாக இருக்கிறது என்று எங்கள் ஆபீஸ் அக்காவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக நகர முடியாது. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்பார். இல்லை, மச்சான் சொன்னான் என்றால், "அப்ப உங்க மச்சானுக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். முகத்தில் கேலி எதுவும் இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி. லிப்ட் செய்கிற கம்பெனி இல்லை. வேறு யாரோ செய்து மாட்டிவிட்டுப் போன லிப்ட்டுகளைப் பழுது பார்க்கிற கம்பெனி. நாங்கள் டெக்னீஷியன்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க பைக்கில் அலைவோம். அவர் ஆபீஸில் புகார் வாங்கும் மேசையில் காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா, நாங்கள் அவருக்கு அண்ணன்மார். இந்த முறை எப்படி வந்தது என்று யாரும் யோசித்ததில்லை.

அவருக்கு மாப்பிள்ளை பார்த்த கதை ஆபீஸில் பிரசித்தம். பையன் சிகரெட் தொடமாட்டான் என்று தரகர் சொல்லியிருக்கிறார். இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷா ஆலமில் பையனின் ஆபீசுக்கு எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். மதியம் சாப்பிட வந்த பையன் இரண்டு சிகரெட் பிடித்தான். இவர் நேராக அவன் மேசைக்கே போய், "நீங்க பிடிக்கமாட்டீங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டிருக்கிறார். பையன் திருதிருவென்று விழித்துவிட்டு, "பிடிப்பேன்" என்றிருக்கிறான். அவனையேதான் கட்டிக்கொண்டார்.

"பொய் சொன்னது தரகர்தானேண்ணே. நான் கேட்டப்ப இவரு ஒத்துக்கிட்டாரே" என்றார்.

இனி தொழிலுக்கு வருகிறேன். லிப்ட் நின்றுபோனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் போர்டில் ஒரு நம்பர் எரியும். என்ன கோளாறு என்பதை அந்த நம்பர்தான் சொல்லும். ஆனால் எந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்ற புத்தகம் லிப்ட் செய்தவர்களிடம் மட்டும்தான் இருக்கும். வெளியாட்களான எங்களுக்குக் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை ஆளுக்கொரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்போம். அந்த நோட்டை ஒருவர் இன்னொருவருக்குக் காட்டுவது கிடையாது. நான் என் நோட்டைத் திறக்கும்போது பக்கத்தில் ஆள் நின்றால் முதுகைத் திருப்பிக்கொள்வேன். பத்து வருடம் கிரீஸில் புரண்டு சம்பாதித்ததை ஏன் ஓசியில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்களுக்குத் தெரியாமல் அவரும் எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் கட்டிடம், என்ன நம்பர், போன ஆள் என்ன செய்தார், அதே புகார் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்ததா. அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதுதான் எங்கள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது. யார் உண்மையாகவே பழுது பார்த்தார்கள், யார் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள் என்று மேசையில் உட்கார்ந்தபடியே அவருக்குத் தெரியும். லிப்ட் குழிக்குள் ஒரு நாளும் இறங்காதவர், நாங்கள் திணறும்போது போனில், "அண்ணே, அந்த நம்பருக்குப் போன வருஷம் ஒருத்தர் கதவு மோட்டார் பெல்ட்டை மாத்தினாரு, அப்புறம் புகாரே வரல" என்பார். முதலில் கோபம் வரும். பெல்ட்டை மாற்றிய பிறகு லிப்ட் ஓடும். கோபம் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒரு சனிக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைய முகவரியை அனுப்பினார். லிப்ட் கோளாறுகளுக்கென்று அவரே கட்டிய தளம். எந்தக் கம்பெனிக்காரரும் எழுதலாம், எவரும் படிக்கலாம். தமிழில் எழுதினால் மலாயிலும் ஆங்கிலத்திலும் கீழே சேர்த்துவிடுவார். சத்தங்களுக்கென்றே ஒரு பக்கம் வைத்திருந்தார். 'கதவு மூடும்போது தகரம் கீறும் சத்தம்', 'ஐந்தாம் மாடி தாண்டும்போது மட்டும் டக்கென்று ஒரு சத்தம்' என்று நாங்கள் போனில் புலம்பியதை எல்லாம் அப்படியே தலைப்பாக்கியிருந்தார்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் மூன்று கட்டங்கள் இருந்தன. பார்த்தது, கேட்டது, ஊகம். ஒன்றில் குறி போட வேண்டும். அதன் கீழே 'நேரில் பார்த்தவர் பெயர்' என்று ஓர் இடம். பார்த்தது என்று குறி போட்டால் அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து போன் வரும். எந்தக் கட்டிடம், என்றைக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று துருவுவார்.

"இது என்ன போலீஸ் ஸ்டேஷனா லா?" என்று ஒருமுறை வெடித்தேன்.

"போலீஸ்ல பொய் சொன்னா உங்களுக்கு மட்டும்தாண்ணே ஆபத்து" என்றார்.

முதல் இரண்டு மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை. பிறகு தளத்தின் முகப்பில் அதிகம் எழுதியவர்களின் பெயர்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. சுபாங் ஜெயாவில் வேலை பார்க்கும் வேறு கம்பெனிக்காரன் ஒருவன் மேலே இருந்தான். நான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்ட காலம் அளவுகூட அவனுக்கு சர்வீஸ் இல்லை. அன்றைக்கே நோட்டைத் திறந்தேன். மழை பெய்ததுபோல எழுதித் தள்ளினேன். மூன்று மாதத்தில் என் பெயர் உச்சிக்குப் போனது. போகிற இடங்களில், "அந்த சைட்ல எழுதுற அண்ணன் நீங்கதானா?" என்று கேட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மறைப்பானேன்.

நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பிராண்டின் பழைய போர்டில் நாற்பத்தொன்று எரிந்தால் கதவுக் காண்டாக்ட் அழுக்கு என்று அர்த்தம். கதவு மூடிவிட்டதைச் சொல்லும் சின்னத் தகடு அது. துடைத்தால் சரியாகிவிடும். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதே பிராண்டில் புது போர்டு வந்தபோது தே தாரிக் டீக்கடையில் ஒரு நண்பன், "புதுசுலயும் அதே நம்பருங்கதான் போல" என்றான். நான் வீட்டுக்குப் போய், 'நாற்பத்தொன்று, பழைய போர்டு, புது போர்டு இரண்டிலும் கதவுக் காண்டாக்ட்' என்று எழுதினேன். பார்த்தது என்று குறி போட்டேன். என் பெயரையும் போட்டேன்.

வழக்கம்போல போன் வந்தது. "அண்ணே, புது போர்டுலயும் நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேன் லா அக்கா. உங்ககிட்ட போய்ப் பொய் சொல்வேனா?"

அன்றைக்கு மேலே எதுவும் துருவவில்லை. சரி என்றார்.

நாலு மாதம் போனது. ஒரு மதியம் நான் மேருவில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு லிப்ட்டில் வேலையாக இருந்தேன். போன் அடித்தது. அவருடைய குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கிறேன். புது போர்டுல நாற்பத்தொன்ன நீங்க பார்த்தீங்களா, பார்க்கலயா?"

"என்ன அக்கா திடீர்னு…"

"கிள்ளான் ப்ளாட்ல ஒருத்தர் இப்ப லிப்ட் பெட்டி மேல ஏறிட்டு இருக்காரு. புது போர்டு, நாற்பத்தொன்னு. சைட்ல கதவுக் காண்டாக்ட்னு இருக்கு, துடைக்கப் போறேன்னு பத்து நிமிஷம் முன்ன சொன்னாரு. இப்பதான் சுபாங் ஜெயா அண்ணன் கூப்பிட்டாரு. அவரு புது போர்டுல பார்த்திருக்காரு. அது பிரேக்காம். சொல்லுங்கண்ணே."

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் தேய்ந்த லிப்ட் கீழே விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆள் இல்லாத பெட்டியைவிட, கம்பியின் மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டு கனம் அதிகம். பிரேக் நழுவினால் பெட்டி மேலே போகும். அதன் மேல் நிற்பவனுக்கும் உச்சிக் காங்கிரீட்டுக்கும் நடுவில் ஓட இடம் கிடையாது.

"பார்க்கல" என்றேன்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. "அவருக்கு லைன் கிடைக்கல. குழிக்குள்ள எப்படிக் கிடைக்கும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. போங்க" என்றார்.

மேருவிலிருந்து அந்த ப்ளாட்டுக்கு எப்படிப் போனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு சிக்னலில் லோரிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி என்னைத் திட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முன்பின் தெரியாத அந்த மனிதர் சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். அதே மூச்சில் என் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒன்றாகத்தான் வேண்டினேன்.

நான் ரோட்டில் இருந்த நேரத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை. அந்த ப்ளாட்டில் காவலாளி கிடையாது. ஆனால் பத்தாம் மாடியில் ஓர் ஆன்டி இருந்தார். லிப்ட் நாறுகிறது, விளக்கு எரியவில்லை, கதவு லேட்டாகத் திறக்கிறது என்று வாரத்துக்கு மூன்று முறை புகார் சொல்பவர். அந்த ப்ளாட் முன்பு எங்கள் கம்பெனியிடம் இருந்தது. வேறு கம்பெனி எடுத்த பிறகும் ஆன்டி பழக்க தோஷத்தில் இவரிடமேதான் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அந்த நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்கமாட்டோம். இவர் ஒரு முறைகூட எடுக்காமல் விட்டதில்லை.

"ஆன்டி, லிப்ட் மேல ஓர் ஆளு நிக்கிறாரு. ஒவ்வொரு மாடியா கதவைத் தட்டுங்க. உடனே வெளிய வரச் சொல்லுங்க. பேரு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றிருக்கிறார்.

ஆன்டி கையில் கிடைத்த தோசைக் கரண்டியோடு படியில் இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கதவை அடித்திருக்கிறார். எட்டாவது மாடியில் உள்ளே இருந்து பதில் வந்திருக்கிறது.

"கெஜாப் லா ஆன்டி! வேலை நடக்குது, பொறுக்கமாட்டீங்களா?"

"பொறுக்கிறது இருக்கட்டும். புகார் வாங்குற பொண்ணு உன்னை வெளிய வரச் சொல்லுது. பிரேக் போச்சாம். வா!"

ஆன்டி மட்டும் சொல்லியிருந்தால் கிள்ளான்காரர் வந்திருக்கமாட்டார். அக்கா சொன்னது என்று தெரிந்ததால் எட்டாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு காலை வெளியே வைத்தார். அடுத்த காலையும் எடுத்தார். அவருடைய கனம் இறங்கியதும் அதுவரை தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த பெட்டி மெல்ல மேலே கிளம்பியது. பிறகு வேகம் பிடித்தது. அவர் அதன் மேல் வைத்துவிட்டு வந்த கருவிப் பையும் கூடவே போனது.

நான் மூச்சிரைக்க எட்டாம் மாடிக்கு ஏறியபோது அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஆன்டி அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மோட்டார் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். குழியை எட்டிப் பார்த்தேன். உச்சியில் அந்தப் பை தட்டையாக இருந்தது. உள்ளே இருந்த இரும்பு டார்ச்சும் தட்டையாக இருந்தது. திரும்பி வந்து கிள்ளான்காரரிடம், எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போனபோது அக்கா தளத்தில் அந்தப் பதிவைத் திருத்திவிட்டிருந்தார். என் பழைய வரியை அழிக்காமல் அதன் மேல் கோடு போட்டிருந்தார். கீழே, 'இது தவறு. எழுதியவர் புது போர்டில் பார்க்கவில்லை' என்றும் பக்கத்தில் என் பெயரும் இருந்தன. அதற்கும் கீழே, 'சரியாக விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டவர்' என்று தன் பெயரையும் போட்டிருந்தார்.

"என் பேரை எடுத்துடுங்க அக்கா. நாளைக்கு எவன் எனக்கு வேலை கொடுப்பான்?"

"எடுத்தா உங்க மத்த பதிவுகளை யாரு நம்புவாங்க? பொய்யை ஒத்துக்கிட்ட ஆளுன்னு தெரிஞ்சாத்தாண்ணே மிச்சத்தை நம்புவாங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நிமிடத்தில் திருத்தியாயிற்று, ஆள் பிழைத்தாயிற்று, இன்னும் என்ன என்று கத்தினேன். அவர் என் கத்தலைக் காதில் வாங்கவே இல்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "மோட்டார் ரூம்ல லைன் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டார்.

கிடைக்காது. மொட்டை மாடிக் காங்கிரீட் பெட்டிக்குள் இணையமாவது ஒன்றாவது. அதனால் டெக்னீஷியன்கள் பலர் தளத்தின் பக்கத்தைத் தாளில் பிரிண்ட் எடுத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைப்பார்கள். தாளில் எடுப்பதற்கென்று பக்கத்தின் மூலையில் பட்டன் வைத்துக் கொடுத்ததே அவர்தான். திரையில் போட்ட கோடு, ஏற்கெனவே ஒட்டிய தாளுக்குப் போய்ச் சேராது. அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

நாற்பத்தொன்றைத் தாளில் எடுத்தவர்கள் எங்கே ஒட்டினார்கள் என்று குழுக்களில் எல்லாம் கேட்டார். பதில்கள் வந்தன. கிழித்துவிட்டேன் என்று சொன்னவர்களிடம் படம் கேட்டார். படம் அனுப்பாதவர்களின் கட்டிடங்களுக்கு நாங்களே போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சின்னக் காரில் கோலாலம்பூர், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா என்று சுற்றினோம். உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். ஆனாலும் சுடிதாரை முடிந்துகொண்டு மோட்டார் ரூமின் இரும்பு ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். நான் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேனே என்றால், "வேண்டாம்ணே" என்பார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு மரியாதை மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். காரில் நாங்கள் பேசிக்கொள்ளமாட்டோம்.

ஒருமுறை மட்டும் கேட்டார். "நீங்க எங்கயாவது ஒட்டினீங்களாண்ணே?"

"நான் ஏன் ஒட்டுறேன்? எழுதினவனே நான்தானே. எல்லாம் மனப்பாடம்."

கடைசித் தாளையும் கிழித்த மறு வருடம் அவர் கணவருக்கு ஈப்போவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தளத்தை சுபாங் ஜெயாக்காரன் பார்த்துக்கொள்கிறான். நன்றாகவே பார்த்துக்கொள்கிறான் என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டம் இல்லை. அவர் போய் ஆறு வருடமாகிறது.

போன மாதம் டெங்கிலில் ஓர் அபார்ட்மென்ட்டின் பராமரிப்பு எங்கள் கம்பெனிக்கு வந்தது. முதல் நாள் நான் போனேன். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் மஞ்சளேறிய தாள் ஒன்று இருந்தது. நாற்பத்தொன்று, பழைய போர்டு, புது போர்டு இரண்டிலும் கதவுக் காண்டாக்ட். மூலையில் பேனாவால், 'சந்தேகம் என்றால் அழைக்கவும்' என்று ஒரு போன் நம்பர் இருந்தது. என் கையெழுத்து, என் நம்பர். கட்டிடம் புதிதாக இருந்தபோது பராமரிப்பு வேலையைக் கேட்டு வந்து, மேனேஜர் முன்னால் பந்தா காட்டுவதற்காக நானே ஒட்டியதும், அந்த வேலை வேறு கம்பெனிக்குப் போனதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுவரில் தொங்கிய வேலைப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்களுக்கு முன்பிருந்த கம்பெனிக்காரர் அதற்கு முந்தின வாரம் எழுதியிருந்தார். நாற்பத்தொன்று, எல்லா மாடியிலும் கதவுக் காண்டாக்ட் துடைக்கப்பட்டது. லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிரேக்கைத் திறந்து பார்த்தேன். லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது. அவர் இதன் மேல் நின்றிருக்கிறார், ஒவ்வொரு மாடியாக. தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மொட்டை மாடிக்கு வந்து, லைன் கிடைக்கும் இடத்தில் நின்று ஈப்போவுக்குப் போன் செய்தேன்.

ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "எங்கண்ணே?" என்றார்.

"டெங்கில்ல அக்கா. ஒண்ணு இருந்துச்சு. கிழிச்சிட்டேன். லிப்ட்டை நிறுத்திட்டேன்."

"யாரு ஒட்டினது?"

"நான்தான்."

பின்னால் ஒரு குக்கர் கத்தியது. யாரையோ அடுப்பை அணைக்கச் சொன்னார். "வேற எங்க ஒட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லக்கா. இதுவே ஞாபகம் இல்லாமத்தான் இருந்துச்சு."

"ஆபீஸ் பிரிண்டர்லதானே எடுத்தீங்க? அது சர்வீஸ் ரிப்போர்ட்டுக்காக எதைக் கொடுத்தாலும் மூணு மூணாத்தானே தள்ளும்?"

ஆமாம். மூன்று தள்ளும். மற்ற இரண்டையும் நான் குப்பையில் போட்ட ஞாபகமே இல்லை. "ஆமாம் அக்கா" என்றேன்.

"அந்த வருஷம் நீங்க போன கட்டிடம் எல்லாத்தையும் எழுதி வைங்கண்ணே" என்றார். "ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ல வரேன்."